முதல் பத்து நிமிஷம் நம்ம கையில! - ஊரே தீயணைப்பு வீரர்களாக மாறும் நாடுகளும், நம்ம சேலம் - நாமக்கல் பக்கமும்

ராசிபுரம் பக்கத்தில் எங்க அம்மாயி ஊர். நான் ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவுக்குப் போயிருந்தபோது, ஒரு மத்தியானம், மேய்ந்துகொண்டிருந்த சினை மாடு ஒன்று சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றில் விழுந்துவிட்டது. சத்தம் கேட்டு அஞ்சே நிமிஷத்தில் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தர் வீட்டுக்கு ஓடி கயிறு எடுத்துவந்தார். இன்னொருத்தர் தீயணைப்பு நிலையத்துக்கு போன் பண்ணினார். பக்கத்துத் தோட்டத்தில் கரும்புக்குத் தண்ணி கட்டிக்கொண்டிருந்த ஒரு அண்ணன், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் கிணற்றுப் படியில் இறங்கினார்.

வண்டி வரும்வரை இடுப்பளவு தண்ணீரில் நின்று, மாட்டின் தலை மூழ்காமல் பிடித்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு வீரர்கள் வந்து பெல்ட் போட்டு, கயிறு கட்டி, மாட்டை மேலே ஏற்றினார்கள். எல்லாரும் கைதட்டினோம். அந்த அண்ணன் மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் தண்ணி கட்டப் போய்விட்டார்.

அவருக்கு `தன்னார்வலர்' என்று யாரும் பேர் வைக்கவில்லை. அவரே ஜெர்மனியிலோ, சிலியிலோ பிறந்திருந்தால் ஒரு ஹெல்மெட், ஒரு யூனிஃபார்ம், ஒரு இன்ஷூரன்ஸ் எல்லாம் இருந்திருக்கும். தீயணைப்பு வண்டிக்காகக் காத்திருந்திருக்க மாட்டார். அந்த வண்டியிலேயே வந்து இறங்கியிருப்பார்.

ஆமாங்க. உலகத்தின் பல நாடுகளில் தீயணைப்பு வண்டியில் வருபவர்களில் பெரும்பாலானோர் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் இல்லை. அவர்கள் யார், ஏன் அப்படி, நம்ம ஊருக்கு அதில் என்ன இருக்கிறது? பார்ப்போம்.

வண்டியில் வருவது டீச்சரும் மெக்கானிக்கும்!

முதலில் ஜெர்மனி. அங்கே பெரிய நகரங்களில்தான் சம்பளம் வாங்கும் தீயணைப்புத் துறை. மற்ற ஊர்களில் எல்லாம் `ஃப்ரைவில்லிகே ஃபாயர்வேர்', அதாவது தன்னார்வத் தீயணைப்புப் படைதான். இப்படி 20,000-க்கும் மேற்பட்ட படைகள் இருக்கின்றன. அவற்றில் ஏறக்குறைய 10 லட்சம் பேர். பள்ளி ஆசிரியர், பேக்கரி நடத்துபவர், டிராக்டர் மெக்கானிக் என்று எல்லாரும் உண்டு. இடுப்பில் ஒரு பேஜர் இருக்கும். அது கத்தினால், கையில் இருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு நிலையத்துக்கு ஓட வேண்டியதுதான்.

`முதலாளி சும்மா இருப்பாரா?' என்று நீங்கள் கேட்பது புரிகிறது. இருந்துதான் ஆக வேண்டும். வேலை நேரத்தில் அழைப்பு வந்தால் ஊழியரை விட வேண்டும், சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது என்று அங்கே மாநிலச் சட்டங்களே சொல்கின்றன. அந்தச் சம்பளத்தை உள்ளாட்சி நிர்வாகத்திடமிருந்து நிறுவனம் திரும்பப் பெற்றுக்கொள்ளலாம்.

பக்கத்தில் இருக்கும் ஆஸ்திரியாவில் இன்னும் ஆச்சர்யம். மொத்த நாட்டுக்கும் வியன்னா, கிராஸ், லின்ஸ், சால்ஸ்பர்க், இன்ஸ்ப்ரூக், கிளாகன்ஃபர்ட் என 6 நகரங்களில் மட்டும்தான் முழுநேரத் தீயணைப்புத் துறை. மற்ற எல்லா ஊர்களும் தன்னார்வலர்களை நம்பித்தான்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்கு வாங்க. அங்கே தலைநகர் சான்டியாகோவில்கூட தீயணைப்பு வீரர்கள் தன்னார்வலர்கள்தான். சம்பளம் கிடையாது என்பது மட்டுமல்ல, மாதாமாதம் சந்தா கட்டுவதும் அவர்களே! 1850-ல் வால்பரைசோ துறைமுக நகரத்தில் பெரிய தீ விபத்து. அடுத்த வருஷமே ஊர்க்காரர்கள் கூடி முதல் படையை ஆரம்பித்தார்கள். 1863-ல் சான்டியாகோவில் ஒரு தேவாலயம் எரிந்து 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அதே மாதத்தில் அந்த நகரத்திலும் படை உருவானது. அன்று ஆரம்பித்தது இன்றுவரை தொடர்கிறது.

அமெரிக்காவில் தீயணைப்பு வீரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தன்னார்வலர்கள். இதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர்களில் முக்கியமானவர் பெஞ்சமின் ஃப்ராங்க்ளின். 1736-ல் ஃபிலடெல்ஃபியாவில் அவர் தொடங்கிய `யூனியன் ஃபயர் கம்பெனி'யில் சேர்பவர்கள், தீயணைக்கத் தோல் வாளிகளையும், பொருள்களை எடுத்து வெளியேற்றப் பைகளையும் தாங்களே வீட்டில் தயாராக வைத்திருக்க வேண்டும். ஜப்பானில் `ஷோபோதான்' என்ற பெயரில் ஊருக்கு ஊர் இருக்கும் படைகளில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மட்டும் காட்டுத்தீயை எதிர்க்க 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள்.

நம்ம சொந்தக்காரர்கள் நிறைய பேர் இருக்கும் சிங்கப்பூரில் இதை செல்போனுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். `மை ரெஸ்பாண்டர்' என்று ஒரு ஆப். யாருக்காவது இதயத்துடிப்பு நின்றுவிட்டதாக அழைப்பு வந்தால், ஆம்புலன்ஸ் கிளம்பும் அதே நேரத்தில், 400 மீட்டர் சுற்றளவில் இருக்கும் தன்னார்வலர்களின் போனுக்கும் செய்தி போகும். பக்கத்து பிளாக்கில் இருப்பவர் லிஃப்ட் ஏறி வந்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிடுவார்.

ஏன் இப்படி? ஒரு சின்னக் கணக்கு

இந்த நாடுகளுக்கு எல்லாம் காசில்லையா என்ன? விஷயம் காசு மட்டும் இல்லை, நேரம்.

தமிழ்நாட்டில் ஏறக்குறைய 350 தீயணைப்பு நிலையங்கள் இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாம் 7.21 கோடி பேர். அப்படியென்றால் சராசரியாக 2 லட்சம் பேருக்கு ஒரு நிலையம். ஜெர்மனியில் தன்னார்வப் படைகளைக் கணக்கில் எடுத்தால், சுமார் 4,000 பேருக்கு ஒன்று. 4,000 பேர் என்றால் நம்ம பக்கம் ஒரு பஞ்சாயத்து. பஞ்சாயத்துக்கு ஒரு தீயணைப்பு வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்!

நம்ம தீயணைப்பு வீரர்கள் தாமதமாக வருகிறார்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்கள் மணி அடித்த ஒரு நிமிஷத்தில் கிளம்பினாலும், டவுனிலிருந்து 15, 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோட்டத்து வீட்டுக்கு, மண் பாதையில் வந்து சேர நேரம் ஆகத்தானே செய்யும்? ஆனால் தண்ணீரில் மூழ்குகிறவருக்கு இருப்பது சில நிமிஷங்கள். இதயம் நின்றவருக்கும் அப்படியே. காய்ந்த ஓலைக் குடிசைக்கு அதுகூட இல்லை.

1995-ல் ஜப்பானின் கோபே நகரத்தில் நிலநடுக்கம் வந்தபோது உலகமே இந்தப் பாடத்தைப் படித்தது. இடிபாடுகளிலிருந்து உயிரோடு வெளியே எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோரை எடுத்தது தீயணைப்புத் துறையோ ராணுவமோ இல்லை. வீட்டு ஆட்களும் பக்கத்து வீட்டுக்காரர்களும்தான். முதல் பத்து நிமிஷத்தில் உங்க பக்கத்தில் இருப்பவர்தான் உங்க தீயணைப்பு வீரர். ஜெர்மனியும் சிலியும் செய்தது என்னவென்றால், அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பயிற்சி கொடுத்து, பாதுகாப்பு கொடுத்து, ஒரு வண்டியும் கொடுத்ததுதான்.

நமக்கு இது புதுசா?

இல்லவே இல்லை. மனசு நம்மிடம் எப்பவுமே இருந்திருக்கிறது. தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறை ஒவ்வொரு ஏப்ரலிலும் கொண்டாடும் வாரத்துக்குப் பெயரே `தீத்தொண்டு வாரம்'. 1944 ஏப்ரல் 14-ல் பம்பாய்த் துறைமுகத்தில் பஞ்சும் வெடிபொருளும் ஏற்றிவந்த `ஃபோர்ட் ஸ்டிகின்' கப்பல் வெடித்துச் சிதறியபோது உயிர்விட்ட 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாக அந்த நாள். வேலை என்று சொல்லாமல் தொண்டு என்று பெயர் வைத்திருக்கிறோம், கவனித்தீர்களா?

2015 சென்னை வெள்ளத்தில் படகுகளை லாரியில் ஏற்றிவந்து தெருத்தெருவாக மக்களை மீட்டவர்கள் மீனவர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினருக்கு முதலில் ஓடியவர்கள் அந்த மலையடிவாரத்து மக்கள். அடிபட்டவர்களைப் போர்வையில் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள். 2023 டிசம்பர் பெருமழையில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நடுவழியில் நின்றபோது, பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டவர்கள் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் வீட்டைச் சுற்றியும் அன்றைக்கு வெள்ளம்தான்.

நம்ம பக்கமே வருவோம். மேட்டூர் அணையிலிருந்து லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தாலே குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் காவிரி வந்துவிடும். 2022 ஆகஸ்ட்டில் அப்படித்தான் வந்தது. அந்த மாதிரி நேரத்தில் பாத்திரம் பண்டத்தையும் பாட்டியையும் ஒரே நேரத்தில் தூக்கிக்கொண்டு வெளியே வருவது அந்தத் தெருப் பசங்கதான். ஆற்றில் யாராவது மூழ்கினால், தீயணைப்பு வீரர்களோடு சேர்ந்து தேடுவதற்கு முதலில் அழைக்கப்படுவது பரிசல் ஓட்டுபவர்களும் மீன் பிடிப்பவர்களும். எந்த இடத்தில் சுழல், எந்த இடத்தில் பாறை என்று அவர்களுக்குத்தான் தெரியும். சேலம் - நாமக்கல் தேசிய நெடுஞ்சாலையில் விபத்து என்றால், 108 வருவதற்குள் கதவை நெம்பி ஆளை வெளியே எடுப்பது பின்னால் வந்த லாரி டிரைவரும், ரோட்டோரத்து டீக்கடைக்காரரும், பஞ்சர் கடைக்காரரும்தான்.

தொழில் அறிவும் இதில் சேரும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு இந்தியா முழுக்கப் பேர் போன ஊர் நம்ம திருச்செங்கோடு. 2023 நவம்பரில் உத்தரகாண்ட் சில்க்யாரா சுரங்கப் பாதையில் 41 தொழிலாளர்கள் 17 நாள்கள் சிக்கிக்கொண்டபோது, மீட்புப் பணியில் திருச்செங்கோட்டின் துளையிடும் அனுபவமும் கைகொடுத்தது. கடைசி சில மீட்டரைக் கையால் குடைந்து அவர்களை வெளியே கொண்டுவந்தவர்கள், `எலி வளை' முறையில் சுரங்கம் தோண்டிப் பழகிய கூலித் தொழிலாளர்கள். ஒரு தொழிலில் பழகிய கை, ஆபத்தில் உயிர் காக்கும் கையாக மாறுவதற்கு இதைவிட உதாரணம் வேண்டுமா?

ஆனா, ஒரு விஷயம் சொல்லியே ஆகணும்

அந்தக் கிணற்றில் இறங்கிய அண்ணனை இவ்வளவு நேரம் பாராட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர் திரும்பி மேலே வந்தது பாதி அதிர்ஷ்டம் என்பது, இந்தக் கட்டுரைக்காகப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது.

நம்ம பக்கக் கிணறுகள் பாறையை வெடி வைத்து உடைத்து ஆழப்படுத்தியவை. வெடி வைத்த பிறகு அந்தப் புகை அடியிலேயே தங்கும். சில கிணறுகளில் டீசல் இன்ஜினை உள்ளே இறக்கி ஓட்டுவார்கள். அதிலிருந்து வருவது கார்பன் மோனாக்ஸைடு. நிறம் கிடையாது, வாசம் கிடையாது. ரொம்ப நாள் மூடிக்கிடந்த கிணறு, செப்டிக் டேங்க், கழிவுத் தொட்டி எல்லாவற்றிலும் இதே ஆபத்து. முதலில் ஒருத்தர் இறங்கி மயங்குவார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார். அண்ணனைத் தூக்கப் பக்கத்து வீட்டுக்காரர் இறங்குவார். `ஒருவரைக் காப்பாற்றப் போய் அடுத்தடுத்து...' என்று தொடங்கும் செய்தியை நீங்களும் எத்தனை முறை படித்திருப்பீர்கள்!

தண்ணீரிலும் இதே கதைதான். மூழ்குகிறவர் பயத்தில் கையில் கிடைப்பதை இறுக்கிப் பிடிப்பார். நல்லா நீச்சல் தெரிந்தவரையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடுவார்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியையும் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட், நம்ம பக்கத்து மாவட்டமான பெரம்பலூரில் கொட்டரை நீர்த்தேக்கம். குளிக்கப்போன இளைஞர்கள் நான்கு பேர் ஆழத்தில் சிக்கிவிட்டார்கள். அங்கே துணி துவைத்துக்கொண்டிருந்த ஆதனூரைச் சேர்ந்த மூன்று பெண்கள், கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசி இரண்டு பேரைக் கரைக்கு இழுத்தார்கள். மற்ற இரண்டு பேரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த வருஷம் கல்பனா சாவ்லா விருதை அரசு அந்தப் பெண்களுக்குத்தான் கொடுத்தது. எட்டும் தூரத்துக்கு எதையாவது நீட்டு, இல்லையென்றால் வீசு என்பதுதான் உலகம் முழுக்க நீர் மீட்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம். அந்த நிமிஷத்தில் அவர்கள் கைக்குத் தோன்றியதும் அதுவே.

ஆக, மனசு இருந்தால் மட்டும் போதாது. பயிற்சி இல்லாத தைரியம் சில நேரம் ஒரு உயிரை இரண்டாக்கி எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. நமக்கும் அந்த நாடுகளுக்கும் இருக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான்.

அவர்கள் என்ன கொடுக்கிறார்கள்?

ஜெர்மனியில் தன்னார்வப் படையில் சேர்ந்தவுடன் யாரையும் தீக்குள் அனுப்புவதில்லை. அடிப்படைப் பயிற்சியின் முதல் கட்டமே சுமார் 70 மணி நேரம். மூச்சுக்கருவி போட்டு உள்ளே போக வேண்டுமானால் அதற்குத் தனிப் பயிற்சி, மருத்துவப் பரிசோதனை. சின்னப் பிள்ளைகளுக்கு `இளையோர் தீயணைப்புப் படை' என்று தனியாக உண்டு. விளையாட்டு மாதிரி ஆரம்பித்து, 18 வயதில் முழு வீரராகிவிடுவார்கள். அடிபட்டால் இன்ஷூரன்ஸ். உடை, கருவி, வண்டி எல்லாம் ஊர் நிர்வாகத்தின் பொறுப்பு.

சேவைக்குப் போனதால் வருமானம் போனால்? 2019-20-ல் ஆஸ்திரேலியாவில் மாதக்கணக்கில் காடு எரிந்தபோது இந்தக் கேள்வி பெரிதாக வந்தது. வாரக்கணக்கில் கடையை மூடிவிட்டுப் போன தன்னார்வலர்களுக்கு நாளொன்றுக்கு 300 டாலர் வரை இழப்பீடு தருவதாக அந்த அரசு அறிவித்தது. தொண்டுதான், ஆனால் தொண்டு செய்பவர் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டுமே!

நம்ம நாட்டிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது, பக்கத்திலேயே. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளா, தீயணைப்புத் துறையின் கீழ் `சிவில் டிஃபென்ஸ்' தன்னார்வப் படையை உருவாக்கியது. 124 தீயணைப்பு நிலையங்கள், நிலையத்துக்கு 50 பேர், மொத்தம் 6,200 பேர் என்பது திட்டம். 2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது, சீருடை போட்ட இந்தத் தன்னார்வலர்களும் வீரர்களோடு சேர்ந்து களத்தில் நின்றார்கள்.

மத்திய அளவில் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் `ஆப்த மித்ரா' திட்டம் இருக்கிறது. ஆபத்தில் உதவும் நண்பன் என்று அர்த்தம். 2016-ல் 30 மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, பிறகு 350 மாவட்டங்களில் 1 லட்சம் பேருக்குப் பயிற்சி என்று விரிந்தது. பயிற்சியோடு அவசர உதவிப் பையும் காப்பீடும் உண்டு. திட்டம் வெள்ளம், புயல், நிலச்சரிவு ஆபத்து அதிகமுள்ள மாவட்டங்களை மனதில் வைத்துப் போடப்பட்டது. நம்ம சமவெளிப் பக்கம் கடலும் இல்லை, புயலும் அடிக்கடி இல்லை. ஆனால் ஆபத்து வேறு உருவத்தில் இருக்கிறது. கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, கரையைத் தொட்டு ஓடும் காவிரி, பஞ்சுக் குடோன், விசைத்தறிக் கூடம், வைக்கோல் பாரம் ஏற்றிய லாரி, எந்நேரமும் ஓடும் நெடுஞ்சாலை. கேரளா மாதிரி நிலையத்துக்கு 50 பேர் என்று இங்கேயும் வந்தால், அதில் 5 பேர் பரிசல்காரர்களாகவும், 5 பேர் ரிக் தொழிலாளர்களாகவும், 5 பேர் லாரி டிரைவர்களாகவும் இருக்கட்டும் என்பது என் ஆசை.

இதிலும் சிக்கல் உண்டு

இந்த நாடுகளில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். ஒருகாலத்தில் 20 லட்சம் பேர் வரை இருந்த ஜப்பானின் படைகள் இன்று பாதிக்கும் கீழே வந்துவிட்டன. கிராமத்தில் இளைஞர்கள் இல்லை, இருப்பவர்களுக்கு வயதாகிவிட்டது. அமெரிக்கச் சிற்றூர்களிலும் ஆள் கிடைக்காத பிரச்னை இருக்கிறது. 50 கிலோமீட்டர் தாண்டி வேலைக்குப் போகிறவரால் பேஜர் அடித்தால் எப்படி ஓடிவர முடியும்?

விலையும் சாதாரணம் இல்லை. 2011 சுனாமியில், மதகுக் கதவுகளை மூடவும் முதியவர்களை வெளியேற்றவும் போன ஜப்பானியத் தன்னார்வ வீரர்கள் உட்பட, அந்தப் படைகளைச் சேர்ந்த 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். அதற்குப் பிறகுதான், இத்தனை நிமிஷத்துக்கு மேல் கரையில் நிற்காதே, நீயும் கிளம்பு என்று விதிமுறைகளைத் திருத்தினார்கள். தன்னார்வலர் உயிரும் உயிர்தான்.

இன்னொன்று. தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக அரசு புது நிலையம் திறக்காமலோ, காலிப் பணியிடத்தை நிரப்பாமலோ இருக்க முடியாது. வெளிநாட்டிலும் தன்னார்வலர்களுக்கு வண்டியும் கருவியும் பயிற்சியும் பொதுப் பணத்திலிருந்துதான் பெருமளவு வருகிறது.

சில இடங்களில் நாம் செய்யக்கூடிய பெரிய தொண்டு, கிட்டே போகாமல் இருப்பதுதான். 2025 ஜனவரி 3-ல் கோவை அவினாசி சாலை மேம்பாலத்தில் கேஸ் டேங்கர் ஒன்று கவிழ்ந்தது. மணிக்கணக்கில் தண்ணீரைப் பீய்ச்சியடித்து, போக்குவரத்தை நிறுத்தி, பக்கத்துப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டு, விபரீதம் இல்லாமல் சமாளித்தார்கள். டேங்கர் லாரித் தொழிலில் ஊறிய நாமக்கல்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை: அந்த கேஸ் காற்றைவிட கனமானது, பள்ளத்தில் போய்த் தேங்கும். ஒரு பைக் ஸ்டார்ட் ஆகும் பொறி போதும். அந்த நேரத்தில் செல்போன் வீடியோ எடுக்கப் போகிறவரைத் தடுத்து நிறுத்துகிறவரே அங்கே தன்னார்வலர்.

சரி, நீங்க என்ன செய்யலாம்?

அரசு படை அமைக்கும்போது அமைக்கட்டும். அதுவரை நீங்களும் உங்க தெருவும் தயாராக இருக்க இதோ சில விஷயங்கள்.

* எண்களை மனப்பாடம் செய்யுங்கள்: தீயணைப்புக்கு 101, ஆம்புலன்ஸுக்கு 108, எல்லா அவசரத்துக்கும் 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறைக்கு 1077. போன் பண்ணும்போது ஊர், பக்கத்து அடையாளம், வண்டி வரக்கூடிய பாதை மூன்றையும் சொல்லுங்கள். ஒருத்தரை மெயின் ரோட்டில் நிறுத்தி வழிகாட்டச் சொல்லுங்கள். அந்த ஒரு வேலையே அஞ்சு நிமிஷத்தை மிச்சப்படுத்தும்.

* கிணறு, தொட்டியில் மயங்கியவருக்காக நீங்கள் இறங்காதீர்கள்: மூச்சுக்கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. 101-க்குச் சொல்லிவிட்டு, உள்ளே ஓடும் இன்ஜினை மேலிருந்து நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். அடுத்த ஆள் இறங்காமல் தடுத்துப் பிடியுங்கள்.

* தண்ணீரில் மூழ்குபவருக்கு நீட்டுங்கள், வீசுங்கள்: மூங்கில், கயிறு, சேலை, காற்றடைத்த டியூப், மூடி போட்ட காலி கேன், எதுவானாலும் சரி. கரையில் படுத்துக்கொண்டு இழுத்தால் நீங்கள் உள்ளே போக மாட்டீர்கள்.

* எண்ணெய்ச் சட்டி தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள்: அடுப்பை அணைத்து, தட்டு போட்டு மூடுங்கள். கரன்ட் தீ என்றால் முதலில் மெயினை அணையுங்கள்.

* உடையில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது: தரையில் படுத்து உருள வேண்டும். கனமான போர்வையால் போர்த்தலாம். தீக்காயத்தில் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீர் விடுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதுவும் வேண்டாம்.

* நெஞ்சை அழுத்தும் முதலுதவியைக் கற்றுக்கொள்ளுங்கள்: நிமிஷத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். செஞ்சிலுவைச் சங்கம், செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி தருகின்றன.

* விபத்தில் உதவப் பயப்படாதீர்கள்: 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம், நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பு தருகிறது. உங்க பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய `இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை, நிர்ணயித்த அளவு வரை, அரசே ஏற்கிறது.

* உங்க ஊர் தீயணைப்பு நிலையத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள்: பள்ளி, கல்லூரி, தறிக்கூடம், குடியிருப்போர் சங்கம் கேட்டால் ஒத்திகை செய்துகாட்டுவார்கள். கேஸ் சிலிண்டர் தீயை ஈரச் சாக்கால் அணைப்பதை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டால் பயம் பாதி போய்விடும்.

கடைசியாக, உங்க தோட்டத்தில் சுற்றுச்சுவர் இல்லாத கிணறோ, மூடாத பழைய போர்வெல்லோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் ஒரு குழந்தைக்காகத் தமிழ்நாடே நாலு நாள் தூங்காமல் காத்திருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குழியின் வாயில் ஒரு மூடி இருந்திருந்தால் எந்த மீட்புப் படையும் தேவைப்பட்டிருக்காது.

போன பொங்கலுக்கு அம்மாயி ஊருக்குப் போனேன். அந்தக் கிணற்றைச் சுற்றி இப்போது இடுப்பளவுக்குச் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்த அண்ணனுக்குத் தலை நரைத்துவிட்டது. கிணற்றுக்குள் தேங்கும் கேஸைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், ``அது தெரியாமயே எத்தன தடவ எறங்கியிருக்கறன் சாமி... இதை எங்கயாச்சும் சொல்லிக் குடுத்தா நானும் வர்றனே" என்றார்.

அறுபது வயதில் அவர் தயார். சொல்லிக்கொடுக்க நாம் தயாரா?